கால்வாய்த் தண்ணீரும் எங்கள் வீட்டு ஆள்கணக்கும்

காலையில் சாமிக்கு விளக்கேற்றும் நேரம் கதவைத் தட்டினார் ஒருவர். கையில் கால்வாய்த் தண்ணீர்ப் போத்தல். கடலாய்வுகூடத்து ஆளாம்.

“வீட்டில எத்தனை பேர் அம்மா?”

“தண்ணியைச் சோதிக்கிறதுக்கு எங்கட ஆள்கணக்கு என்னத்துக்குத் தம்பி?”

“ஆளுக்குத் தக்கனதானே கழிவு கடலுக்குப் போகும்.”

நான் நம்பவில்லை; பொலிஸ் அனுப்பிய ஆளோ என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து நேற்று வந்த அண்ணனின் மகன் உள்ளே படுத்திருந்தான். கொழும்புக்கு வரும் தமிழர் பொலிஸில் பதியவேண்டிய காலம்; அவனை இன்னும் பதியவில்லை. தெரிந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டே “மூன்று பேர்” என்றேன், நாலாவதை விழுங்கிவிட்டு.

பின்னேரம் அண்ணனின் மகனைப் பொலிஸில் பதிந்துவிட்டு வரும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன்.

“நானும் ரெண்டு பேரைக் குறைச்சுத்தான் சொன்னனான்” என்றார்.

வந்தவர் உண்மையிலேயே ஆய்வுகூடத்து ஆள்தான் என்றால், இத்தனை கொஞ்சச் சனத்துக்கு இவ்வளவு அழுக்கா என்று வெள்ளவத்தையைப் பற்றி எழுதப்போகிறார்.

உங்கள் ஒழுங்கை வீடுகளில் யாராவது உண்மை சொன்னார்களா?