எனக்குள்ளே ஒரு செக்கிங்காரி

பதினைந்து வருடமாக பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஓட்டை, கறை எதுவானாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவேன். போன வருடம் அந்த ஸ்டிக்கரை வீட்டுக்கும் கொண்டுவந்து, மகள் கயலின் நோட்டில் பிழையான இடமெல்லாம் ஒட்ட ஆரம்பித்தேன். திருத்திக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் நெற்றி, கன்னம், கை என்று உடம்பெல்லாம் அம்பு ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்கம்மா, நான் ரிஜெக்ட்டுங்களா?"

அதோடு என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவள் பள்ளியில் இருக்கும் மனநல ஆலோசகரிடம் போய் அழுதேன்.

"குறை சொல்லிட்டே இருக்காளே எனக்குள்ள ஒருத்தி, அவளை எப்படிங்க துரத்தறது?"

"துரத்தாதீங்க. மனசுக்குள்ள ஒரு கூட்டுக் குடும்பமே இருக்குதுங்க. அவ எதுக்குப் பயப்படறான்னு கேட்டுப் பாருங்க."

கண்ணை மூடிக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கவனிக்காமல் விட்ட ஓர் ஓட்டைக்காக என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தது ஞாபகம் வந்தது. மகளும் அப்படி நின்றுவிடக் கூடாதென்றுதான் இந்தச் செக்கிங்காரி கத்தியிருக்கிறாள். பாவம், அவள் மேல் பாசமே வந்துவிட்டது.

இப்போதெல்லாம் கயலின் நோட்டைத் திறக்குமுன், "நீ கொஞ்சம் உக்காரு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று உள்ளே இருக்கும் செக்கிங்காரியிடம் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கர் ஒட்டுவதை விட்டதும் கயலும் மெல்லப் பேச ஆரம்பித்துவிட்டாள். நேற்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல.

"யாருகிட்டம்மா பேசறீங்க?" என்றாள் கயல்.

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவள், "அப்ப அவங்களுக்கும் ஒரு டீ போடுங்க" என்றாள்.