மூன்று வட்டமும் ஒரு சஹனும்

எனக்குக் குட்டம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன்.

சிரிக்காதீர்கள். இடுப்பில் பட்டி இறுக்கும் இடத்தில் இரண்டு வட்டம், வலது மணிக்கட்டில் ஒன்று. ஓரம் சிவந்து, நடு வெளுத்து... வேறு என்ன நினைப்பது? மட்டக்களப்பு வாவித் தீவிலுள்ள தொழுநோய் ஆஸ்பத்திரிக்குத் தோணி ஏறுவதாகவே முடிவு கட்டிவிட்டேன். குடியிருப்பதோ மனைவியின் சீதன வீடு. நம் ஊர் வழக்கம் தெரியும்தானே — அவள் போகச் சொன்னால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான்!

மூன்று நாள் நீளக்கைச் சட்டையோடு திரிந்தேன். நான்காம் நாள் மனைவி பிடித்துவிட்டாள்.

"இஞ்ச காட்டுங்க கைய. என்னத்துக்கு இத ஒளிச்சி வெச்சிரிக்கிங்க?"

"கிட்ட வராத புள்ள. நான் தீவுக்குப் போகப்போறன்."

"மொதல்ல டிஸ்பென்சரிக்குப் போங்க. மறுகா தீவப் பாப்பம்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேதான் இதைச் சொன்னாள். பிறகு சவுக்காரம் போட்டுக் கை கழுவினாள் — அது வேறு விஷயம்.

டிஸ்பென்சரியில் நோய் பார்த்து மருந்து தரும் அப்போதிக்கரி ஐயா காரைதீவுக்காரர். வட்டத்தை வெளிச்சத்தில் பார்த்தார்.

"அரிக்குதா முதலாளி?"

"அரிக்குதாவோ? தோலக் கழட்டி வெக்கலாம் போல இரிக்கி ஐயா!"

"அப்ப சந்தோசப்படுங்க. குட்டம் இப்பிடி அரிக்காது." ஊசி நுனியால் தொட்டார். துள்ளினேன். "உணர்ச்சியும் இருக்கு. இது படர்தாமரை."

மருந்துத் துண்டு எழுதித் தந்தார். நான் கொண்டுபோன சிகரெட் டின்னில் களிம்பு வந்தது.

"கழுவி, ஈரமில்லாமத் துடைச்சி, மெல்லிசாப் பூசுங்க. காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. பூசினதும் கையக் கழுவுங்க. மாற ஒரு மாசம் செல்லும். மாறின பிறகும் ரெண்டு கிழமை பூசோணும். துவாய் தனி. மருந்த வேற ஆருக்கும் குடுக்கப்படாது."

எல்லாவற்றுக்கும் "ஓம் ஐயா" என்றேன். மனமோ எட்டு நாள் கழித்து வரும் மச்சினன் மகளின் கல்யாணத்தில் நின்றது. மாப்பிள்ளையின் வாப்பாவோடு ஒரே சஹனில் உட்கார வேண்டியவன் நான். ஐந்தாறு பேர் கைபோடும் பெரிய தட்டில், வட்டம் போட்ட கையை எப்படி வைப்பது?

அதனால் ஒரு மாத மருந்தை ஒரு வாரத்தில் முடிக்கத் தீர்மானித்தேன். வெண்ணெய் போலத் தடிப்பாக அப்பினேன். மேலே துணி. அதற்கு மேலே பட்டி.

விடிந்ததும் இடுப்பில் நெருப்பு! டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

"முதலாளி... நான் மருந்து பூசத்தான் சொன்னன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லல்ல. துணியும் கட்டினீங்களோ?"

"ஓம் ஐயா... பட்டியும்."

சிரித்தாரே தவிர ஏசவில்லை. மூன்று நாள் மருந்தை நிறுத்தச் சொன்னார். வெளியே விறாந்தை நிறைய ஆட்கள் காத்திருக்க, பயறளவு களிம்பை விரல் நுனியில் எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அந்தப் பொறுமை எனக்கு நூறு வருஷம் வாழ்ந்தாலும் வருமா?

அன்றிலிருந்து டின் மனைவியின் அதிகாரத்தில். என் துவாயின் மூலையில் சிவப்பு நூல் கட்டினாள். தனியாக அவித்துத் துவைத்தாள். பட்டியையும் பறித்து வைத்தாள். இடுப்பில் சாரம் நிற்க நான் பட்ட பாடு... விடுங்கள்.

கல்யாண நாள். வட்டங்கள் மங்கியிருந்தன, போகவில்லை. சஹன் வந்ததும், எனக்குத் தனிப் பீங்கான் தட்டுத் தரும்படி மெல்லக் கேட்டேன்.

மாப்பிள்ளையின் வாப்பாவின் முகம் கறுத்தது.

"என்ன மச்சான், எங்களோட ஒரு சஹன்ல கை வெக்க ஒங்களுக்கு என்ன கொற?"

பெண்ணின் வாப்பா, என் மச்சினன், தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றான். அவன் மகளின் கல்யாணத்தில் நான் ஒரு சண்டையை மூட்டிவிட்டேன்! பகிடி விடும் நேரமா இது? சட்டைக்கையை உயர்த்திக் காட்டினேன்.

"படர்தாமரை மச்சான். மருந்து பூசுறன். ஒங்கள மதிச்சித்தான் தனியாக் கேட்டன்."

அவர் மணிக்கட்டையே பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"இது மாறுமா? எனக்கும் இரிக்கி... இடுப்பில. குட்டமெண்டு நெனச்சி ரெண்டு மாசமா ஊட்டுலயும் சொல்லல்ல. அந்த மருந்தில கொஞ்சம் தாங்களன்."

நாக்கு நுனிவரை "ஓம்" வந்துவிட்டது. பயறளவு களிம்பும் அப்போதிக்கரி ஐயாவின் விரலும் கண்ணில் நின்றன.

"மருந்து தரமாட்டன் மச்சான். திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறன். ஐயா பாத்துத் தரட்டும்."

அவர் நிமிர்ந்தார். "பீங்கான் ரெண்டு கொண்டாங்ககா!" என்று கத்தினார்.

பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். திங்கட்கிழமை இரண்டு பேரும் டிஸ்பென்சரி வரிசையில் நின்றோம்.

அவருக்கும் படர்தாமரைதான். எனக்கு ஐந்தாம் கிழமை வட்டங்கள் மறைந்தன, மேலும் இரண்டு கிழமை பூசினேன், திரும்ப வரவில்லை.