வாசம் இல்லாத புகை

சிகரெட் குடித்த காலத்தில் முனிராஜ் ஒரு நாளும் வீட்டுக்குள் குடித்ததில்லை. அவன் மனைவி மாதேஸ்வரியே இதை ஒப்புக்கொள்வாள்.

பாகலூர் பக்கத்து ஆள் அவன். பெற்றவர்கள் காலம் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். முனிராஜுக்கு மட்டும் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி வேலை அமைந்தது. அலுமினியத்தை உருக்கி வண்டிகளுக்கு உதிரிபாகம் வார்க்கும் கம்பெனி. உள்ளே போகும்போது காவலாளி சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, தீப்பெட்டியையும் சிகரெட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார். டீ நேரத்தில் வெளியே ஓடி வந்து, எதிரே கெம்பம்மாவின் பெட்டிக்கடையில் ஒன்று பற்றவைப்பான். ஷிப்டு முடிந்து ஒன்று. வீடு திரும்பும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி ஒன்று. அதற்கு மேல் குடிக்க ஆசைப்பட்டாலும் நேரமும் கிடைக்காது, இடமும் கிடைக்காது.

அவன் மகள் ஸ்வாதிக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே மூச்சிழைப்பு. பனிக்காலம் வந்துவிட்டால் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போலச் சத்தம் கேட்கும். டாக்டர் ஒரு பம்ப் எழுதிக் கொடுத்திருந்தார். வாயில் வைத்து அழுத்தினால் மருந்து உள்ளே போகும். பெண் குழந்தைக்கு இப்படி ஒரு நோய் இருப்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்று மாதேஸ்வரி அதை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எப்படியோ தெரிந்துவிட்டது. பிள்ளைகள் ஸ்வாதியை ‘பம்பு, பம்பு’ என்று கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் முனிராஜ் வேலை முடிந்து வந்து மகளைத் தூக்கியதும் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மாதேஸ்வரி குழந்தையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

“நீ வாசப்படி ஏறும்போதே எனக்கு வாசம் அடிக்குது மாமா. இவளுக்கு அடிக்காதா?”

“வெளியதானே குடிக்கிறேன்?”

“வெளிய குடிச்சிட்டு வாயையும் வெளியவே வெச்சிட்டா வர்ற? கேட்டுக்கோ. நீ இதை விடலைன்னா கொழந்தையக் கூட்டிக்கினு கெலமங்கலம் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். உம் பொண்ணைப் பாக்கணும்னா அங்க வந்து பாத்துக்கோ.”

மாதேஸ்வரி ஒன்று சொன்னால் செய்கிறவள். முனிராஜுக்கு அது தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே முனீஸ்வரன் கோயிலுக்குக் கிளம்பினான். குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய்க் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் சாராயத்துக்குத்தான் வருவார்கள். சிகரெட்டுக்காக வந்தவனைப் பூசாரி மாதப்பன் ஏற இறங்கப் பார்த்தார். பாக்கெட்டைச் சாமி காலடியில் வைக்கச் சொன்னார். அதிலிருந்து ஒன்றை உருவிப் பற்றவைத்து, சாமிக்கு முன்னால் செங்கல் மீது நிறுத்தினார்.

“இனிமே இது அவருது. நீ வாயில நெருப்பு வெச்சின்னா, அவரு வாயிலிருந்து புடுங்கிக் குடிச்ச மாதிரி. கையை நீட்டு.”

வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு ஏறியது. மாதேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வந்த நாட்கள் கொடுமையானவை. முனிராஜுக்குக் கை நடுங்கியது. தூக்கம் வரவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆனாலும் கயிற்றைப் பார்ப்பான், மகளைப் பார்ப்பான், பல்லைக் கடித்துக்கொள்வான். அப்படியே விட்டிருந்தால் அவன் ஜெயித்திருப்பானோ என்னவோ!

அது 2009-ஆம் வருடம். கம்பெனிக்குச் சீனாவிலிருந்து புது மெஷின் வந்திருந்தது. அதை நிறுவ வந்த சீனாக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, பராமரிப்புப் பிரிவில் இருந்த ராஜேஷ்குமாருக்கு ஒரு பெட்டியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். தென்காசிப் பக்கத்துப் பையன் ராஜேஷ்குமார். அதை முனிராஜிடம் கொண்டுவந்து நீட்டினான்.

“அண்ணாச்சி, இதைப் பாருங்க. நமக்குச் சரிப்பட்டு வரல, சப்புன்னு இருக்கு. நீங்க வச்சுக்கிடுங்க.”

“இன்னாப்பா இது, பேனாவா?”

“கரண்டு சிகரெட்டு அண்ணாச்சி. செல்போன் மாதிரி சார்ஜ் போடணும். நெருப்பே கெடையாது, வெறும் ஆவிதான். வாசமும் வராது. உங்க முனீஸ்வரனாலகூடக் கண்டுபிடிக்க முடியாதுன்னா பாத்துக்கிடுங்க!”

“சாமி விசயத்துல வெளையாடாத, வாயக் கழுவு,” என்று முனிராஜ் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். கறுப்பாக, பேனா அளவில் ஒரு குழாய். வாயில் வைத்து இழுத்தால் நுனியில் நீல விளக்கு எரிந்தது. நெஞ்சுக்குள் என்னவோ இளகி வழிந்தது. நடுக்கம் நின்றது. நெருப்பு இல்லாதபோது சத்தியம் எப்படி உடையும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் காட்டினான். ஒளிக்கவில்லை. மாதேஸ்வரி அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. சட்டையை முகர்ந்தாள். அலுமினிய வாடையும் வேர்வையும் மட்டுமே இருந்தன. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் முறையாக, நடுக்கமும் இல்லாமல் புகை வாடையும் இல்லாமல் ஒரு கணவன்! அவள் அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதேவிட்டாள்.

“இதையும் ஒரு மாசத்துல விட்டுடுவேன்,” என்றான் அவன்.

சிகரெட்டுக்கு ஒரு நீளம் உண்டு. எரிந்து விரலைச் சுட்டதும் கீழே போட்டாக வேண்டும். இந்தக் குழாய்க்கு முடிவே இல்லை. கண் விழித்ததும் படுக்கையிலேயே ஒரு இழுப்பு. குளிக்கும்போது, சோறு பரிமாறும் வரைக்கும், சிக்னலில் வண்டி நிற்கும் நேரத்தில். பேனாதானே என்று காவலாளி விட்டுவிட்டதால் கம்பெனிக் கழிவறையிலும். முன்பு ஏரிக்கரையில் நின்றவன் இப்போது நேராக வீட்டுக்கு வந்தான். கட்டிலில் சாய்ந்து இழுத்தான். சீனப் பெட்டியில் குழாய்க்குள் போடக் கொடுத்திருந்த மருந்துக் குப்பிகள் தீர்ந்தபோது, பஸ் ஏறி பெங்களூர் போய், சந்துக்குள் ஒரு கடையைக் கண்டுபிடித்து வாங்கி வந்தான். ஒரு குழாய் சார்ஜில் கிடக்கும்போது இழுக்க இன்னொன்று வேண்டும் என்று இரண்டாவது குழாயும் வாங்கினான்.

“பால்குடிக் கொழந்தகூட இவ்ளோ நேரம் வாயில வெச்சிக்காது மாமா,” என்று மாதேஸ்வரி கேலி செய்தாள். அவனும் சிரித்தான். வாசம் இல்லை என்பதால் அவள் அதை ஒரு குற்றமாக நினைக்கவில்லை.

கெம்பம்மா மட்டும் ஒரு நாள் கடையிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏனப்பா முனிராஜு, விட்டுட்டியாமே. ஒள்ளேது, நல்லதுதான். ஆனா மூஞ்சி ஏன் தூங்கறவன் மாதிரி இருக்கு?”

அவள் சொன்னது உண்மைதான். கோபம் தலைதூக்கும்போதே ஒரு இழுப்பு, சந்தோஷம் எட்டிப் பார்க்கும்போதே ஒரு இழுப்பு. இரண்டும் அவனிடம் முழுதாக வந்து சேரவில்லை. களிக்கும் கறிக்குழம்புக்கும் நாக்கில் வித்தியாசம் தெரியவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல நாட்களை நடத்திக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் ஸ்வாதி கட்டிலருகே வந்து நின்றாள்.

“அப்பா, உனக்கும் மூச்சு இழைக்குதா?”

முனிராஜ் குழாயை வாயிலிருந்து எடுத்தான்.

“ஆமா கண்ணு.”

“அப்ப இது உன் பம்பா?”

“ஆமா.”

குழந்தையின் முகத்தில் அன்று தோன்றிய சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்! உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இந்த நோய் என்று நினைத்திருந்தவள் அவள். அன்று முதல் தன் பம்பை எடுத்துக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவள் ஒரு அழுத்து, அவன் ஒரு இழுப்பு.

“உன்னுதுல மட்டும் புகை வருதே?”

“பெரியவங்க பம்புல அப்பிடித்தான் வரும்.”

மாதேஸ்வரி அந்த நேரத்தில் பாகலூர் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலையில் இருப்பாள். இந்தப் பேச்சு எதுவும் அவள் காதுக்குப் போகவில்லை.

ஒரு நாள், முனிராஜுக்கு இரவு ஷிப்டு முடிந்த பகல். வெயில் ஏறிய பிறகும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பள்ளி விடுமுறை. ஸ்வாதிக்குக் காலையிலிருந்தே நெஞ்சில் விசில் ஊத ஆரம்பித்திருந்தது. தன் பம்பை இரண்டு முறை அழுத்தினாள். சரியாகவில்லை. அப்பாவை எழுப்பப் போனாள். பாவம், ராத்திரியெல்லாம் வேலை செய்த அப்பா! எழுப்பவில்லை. தலையணை அருகே அவனுடைய பெரிய பம்ப் கிடந்தது.

வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டுத்தான் முனிராஜ் கண் விழித்தான். சுவரோரம் சுருண்டு கிடந்தாள் ஸ்வாதி. முகம் வெளுத்து வியர்த்திருந்தது. உதடு நீலமாகியிருந்தது. அவள் கையில் அந்தக் குழாய்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினான். ஆட்டோ பிடித்து ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். ஊசி போட்டார்கள். மூக்கிலும் வாயிலும் முகமூடி வைத்து மருந்துக் காற்று கொடுத்தார்கள். ரோஜா முள் கீறிய கைகளோடு, தோட்டத்துத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் மாதேஸ்வரி ஓடி வந்தபோது, ஸ்வாதிக்கு மூச்சு சீராகத் தொடங்கியிருந்தது.

டாக்டர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குள்ள நிகோட்டின் இருக்கு. சின்னக் குழந்தைக்கு இது விஷம். எப்படிம்மா இவ கைக்குப் போச்சு?”

ஸ்வாதி முகமூடியை விலக்கிக்கொண்டு பேசினாள்.

“அப்பா பம்பு பெருசு. அதான் இழுத்தேன். எவ்ளோ இழுத்தும் எனக்குச் சரியாவல. நர்ஸக்கா, எங்கப்பாவுக்கும் இந்தக் காத்து வையுங்க. அவருக்கும் இழைப்பு.”

நர்ஸ் அவனைப் பார்த்தாள். டாக்டர் பார்த்தார். மாதேஸ்வரி பார்த்தாள்.

அழுகை வரும் என்று முனிராஜ் காத்திருந்தான். வரவில்லை. நெஞ்சில் அறைந்துகொண்டு கதற வேண்டிய தகப்பன், சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றான். பை காலியாக இருந்தது. குழாய் டாக்டரின் மேஜை மேல் கிடந்தது. அந்த நேரத்தில், பெற்ற மகள் அங்கே படுத்திருந்த அந்த நேரத்தில், அவன் கண் அந்த மேஜையை விட்டு நகரவில்லை.

மாதேஸ்வரி அதையும் பார்த்துவிட்டாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

“சிகரெட் குடிச்சப்ப எங்கிட்ட நூறு பொய் சொல்லியிருக்கே. கொழந்தகிட்ட ஒண்ணுகூடச் சொன்னதில்ல மாமா,” என்றாள். “விட்டுட்டு வா. வந்து கூட்டிக்கினு போ.”

அவன் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். சன்னலோரம் உட்கார்ந்த ஸ்வாதியிடம் மாதேஸ்வரி ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. குழந்தை அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வார விடுமுறை நாளில் முனிராஜ் கெலமங்கலம் போவான். பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போவான். வாசலில் நின்று மகளைப் பார்ப்பான். போகும் நாளில் மட்டும் காலையிலிருந்து குழாயைத் தொடாமல் இருந்து பார்த்தான். கெலமங்கலம் போய்ச் சேர்வதற்குள் தோற்றுவிடுவான். மாதேஸ்வரி எதுவும் கேட்கமாட்டாள். அவனே வாய் திறந்து சொல்லட்டும் என்று இருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவன் போனபோது, ஸ்வாதி செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். துணிப் பை பக்கத்தில் இருந்தது. “இன்னிக்கி அப்பா கூட்டிக்கினு போயிடும்” என்று அவளாகவே முடிவு செய்து பையைக் கட்டியிருக்கிறாள்.

மாதேஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள். பழக்கத்தில் அவன் அருகே வந்து மூக்கை உறிஞ்சினாள். பிறகு, அதில் பயனில்லை என்பது நினைவுக்கு வந்தவள் போல நின்றுவிட்டாள். அவளும் இளைத்திருந்தாள். அவளும் வீட்டுக்குப் போகத்தான் தவித்தாள்.

“எனக்கு எப்பிடித் தெரியும் மாமா? நீ வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு. நீ சொல்லு, நான் நம்பிக்கிறேன். விட்டுட்டியா?”

ஒரே ஒரு வார்த்தை போதும். வாசம் இல்லை, சாம்பல் இல்லை, சாட்சி இல்லை. சொன்னால் மூன்று பேரும் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம். சட்டைப்பைக்குள் குழாய் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்வாதி அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனிராஜுக்குத் துக்கம் வரவில்லை. வெட்கம்கூட வரவில்லை. குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

“இல்ல மாதேசு. இன்னும் விடல.”

ஸ்வாதி குனிந்து செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் வைத்தாள்.

“களி கிண்டியிருக்கேன்,” என்றாள் மாதேஸ்வரி. “சாப்ட்டுட்டுப் போ.”

உட்கார்ந்து சாப்பிட்டான். கீரைக் குழம்பில் உப்பு இருந்ததா, புளி இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்வாதி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. எடுத்தான். இழுத்தான். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.