கார்த்திகையில் நான் சொன்ன பெயர்

அன்பான இறைமக்களே, மாதா எனக்குச் செய்த உதவியை எழுதச் சொல்லிப் பங்குச் சுவாமி கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்கள் மன்னார்க் கரைக்குத் திரும்பி வந்தபோது கோவிலுக்குக் கூரை இல்லை. கார்த்திகை மாதத்தில் ஊரில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுவது எங்கள் வழக்கம். அந்தப் பெயர்கள் எல்லாம் எனக்குப் பாடம். நான் சொல்வேன், சனம் பதில் செபம் சொல்லும்.

பிறகு பெயர்கள் நழுவத் தொடங்கின. கருவாட்டுக்கு உப்புப் போட்டதை மறந்து திரும்பவும் போட்டேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு தாளில் மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னார். வட்டம் கீறினேன். முள்ளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“இது முழு மறதி வருத்தம் இல்லை அம்மா. வயசுக்கு மிஞ்சின மறதி. கூடவும் கூடும், இப்பிடியே நிக்கவும் கூடும்.”

எனக்குக் ‘கூடவும் கூடும்’ என்றது மட்டும்தான் காதில் நின்றது. பிள்ளைகளின் முகமும் மறந்து போய்விடுமோ என்று பயந்தேன்.

அந்த வருசம் பெயர் சொல்லும் வேலையை என் கணவரின் தங்கை ஸ்ரெல்லாவிடம் சுவாமி கொடுத்தார். ஒரு பெயர் பிசகாமல் சொன்னாள். சனம் மெச்சியது. எனக்கு வயிறு எரிந்தது. சந்தையில் அவள் மீன் விற்கும் குரலைக் கேட்டாலே எரியும். “மாதாவே, என் ஞாபகத்தைத் தாரும். இல்லாவிட்டால் அவளையும் ஒரு பெயராவது மறக்கச் செய்யும்.” அப்படியும் செபித்தேன்.

அடுத்த கார்த்திகையில் பொறுக்க முடியவில்லை. சுவாமியிடம் கெஞ்சி நானே முன்னால் நின்றேன். நன்றாகத்தான் போனது. நடுவில் “அன்ரன்” என்றேன்.

சனம் ஸ்ரெல்லாவைத் திரும்பிப் பார்த்தது. அன்ரன் ஸ்ரெல்லாவின் மகன். கடைசிச் சண்டையில் பிடித்துக்கொண்டு போனபின் காணாமல் போனவன். அவன் வருவான் என்றுதான் அவள் உயிரோடு இருக்கிறாள். காணாமல் போனவர்களை இறந்தவர்களோடு சேர்த்துச் சொல்ல எங்கள் கரையில் யாரும் துணிய மாட்டார்கள்.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைப் பூட்டினேன். பின்னாலேயே ஸ்ரெல்லா வந்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன்.

“மச்சாள், திறவுங்கோ. பயந்து பயந்தே செத்துப்போவியள் போல.”

திறந்தேன். “எனக்கு உன்னில எரிச்சலடி. உனக்கு ஒண்டும் மறக்குதில்லை,” என்று அழுதேன்.

“ஓம், ஒண்டும் மறக்குதில்லை. அவனைக் கொண்டுபோகேக்க அவன்ர சேட்டில எந்தப் பொத்தான் இல்லையெண்டும் தெரியும். எனக்கெல்லோ மறக்கிற உங்களில எரிச்சல்.”

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு அவள் மூக்கைச் சீறிவிட்டுச் சொன்னாள்: “வாங்கோ, சனம் பாத்துக்கொண்டு நிக்குது. நான் பெயரை எடுத்துத் தாறன், நீங்கள் சொல்லுங்கோ. என்ர குரல் மீன் விக்கத்தான் சரி.”

மாதா தந்த பதில் அதுதான். ஞாபகம் திரும்பவில்லை. ஸ்ரெல்லா பக்கத்தில் வந்து நின்றாள். வருத்தம் கூடவில்லை என்று டொக்டர் இந்த முறையும் சொன்னார். பயம் இன்னும் வரும். வந்தால் அவளைக் கூப்பிடுகிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு வருத்தம் வந்தால் ஒளிக்காதீர்கள். மாதாவிடம் போங்கள். எரிச்சலோடு கேட்ட என்னையே அவர் தள்ளவில்லை.

இப்போது அன்ரனின் பெயரை, கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பக் கேட்கும் செபத்தில் சொல்கிறேன். அந்த ஒரு பெயரை மட்டும் ஸ்ரெல்லா எடுத்துத் தருவதில்லை. நான் சொல்லும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இதுவரை நான் மறக்கவில்லை. மாதாவுக்கு நன்றி.