ஒரு பானைக்கு எத்தனை கரண்டி

அந்தப் பேச்சு ஆறுமுகத்தாய்க்கு வரிசை பிசகாமல் நினைவிருக்கிறது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பது அவள் வேலை. அன்று போனபோது, தறி ஓட்டுகிற சண்முகையா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, கண்ணுல கட்டக் காணோம்? முந்தாநேத்துல்லா கண்ணு முகாமு?”

“கட்டு எங்க போட்டாங்க? பிரஷரு நூத்தி எழுவத்தாறாம். நூத்தம்பதுக்குக் கீழ வந்தாத்தான் புரை ஆப்பரேசனுன்னு இந்தத் தடவையும் திருப்பி விட்டுட்டாங்க.”

“மாத்திரை ஒழுங்காப் போடுதீங்களா?”

“அட்டையப் பாரு தாயி. பொய்யா சொல்லுதேன்?”

அட்டையில் அன்றுவரைக்கும் குழிகள் காலியாக இருந்தன. உள்ளே பீடி சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி கோமதியிடம் கேட்டாள்.

“மதினி, குழம்புல உப்பு?”

“பாதியாக் கொறச்சாச்சு. அப்பளம், கருவாடு ஒண்ணும் வீட்டுக்குள்ள வாரதில்ல. ஆசுபத்திரிச் சோறு போடுதியான்னு தெனமும் ஏச்சு வாங்குதேன்.”

“பெறகு எங்கன இருந்து ஏறுது?”

சண்முகையா கண்ணைக் கசக்கிக்கொண்டார். “அறுந்த இழை கண்ணுக்குத் தெரியல தாயி. பக்கத்துத் தறிக்காரன் வந்து முடிஞ்சு தாரான். அடுத்த முகாமு ஆறு வாரத்துல. அதுலயும் முடியலன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

“நாளைக்கு உங்க தறிக்கு வாரேன்.”

“அங்கன எதுக்கு? தறியிலயா சோறு பொங்குதோம்?”

ஆறுமுகத்தாய் இளையரசனேந்தலில் பிறந்து சங்கரன்கோவிலுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பேச்சு குறைவு. ஆனால் ஒருவருக்கு ஏன் அழுத்தம் இறங்கவில்லை என்று தெரியாமல் அந்த வீட்டை விடமாட்டாள். வீட்டில் காரணம் கிடைக்காவிட்டால் அந்த ஆள் வாய் வைக்கிற மற்ற இடங்களைத் தேடிப் போவாள்.

மறுநாள் அவள் போயிருந்தபோது, பதினோரு மணிக்குத் தறிகள் ஓய்ந்தன. எட்டுப் பேரும் மூலையிலிருந்த பெரிய பானைப் பக்கம் போனார்கள். ஆளுக்கொரு தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பழைய சோற்றையும் நீச்சத்தண்ணியையும் காலையிலேயே அதில் ஒன்றாக ஊற்றிவைப்பது அந்தத் தறிக்கூடத்து வழக்கம். பாண்டிராஜ் என்கிறவன் கல்லுப்பை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினான். ஒருவன் குடித்துப் பார்த்து, “சப்புன்னு கெடக்கு வே” என்றான். இன்னொரு கை விழுந்தது.

“எதுக்கு இம்புட்டு?” என்றாள்.

“வேர்வையில உப்புப் பூரா போயிருதுல்லாக்கா. போட்டாத்தான் சாயந்தரம் வரைக்கும் நிக்க முடியும்.”

சண்முகையாவும் ஒரு செம்பு குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் ஒளிக்கவில்லை. அது அவருக்குத் தண்ணீர். சாப்பாடு என்று தோன்றியதே இல்லை.

ஆறுமுகத்தாய் அங்கிருந்து நேராகப் போய் டாக்டரிடம் வேர்வையைப் பற்றிக் கேட்டாள். மறுநாள் மெஷினோடு ஒரு தேக்கரண்டியும் பழைய பேப்பரும் கொண்டுவந்தாள். முதலில் எட்டுப் பேருக்கும் அழுத்தம் பார்த்தாள். ஐந்து பேருக்கு அதிகம். முப்பத்துநாலு வயதுப் பாண்டிராஜுக்கு நூற்று ஐம்பத்தெட்டு.

“மெஷினு ரிப்பேரு” என்றான் அவன்.

“சரி, நேத்துப் போட்ட உப்ப இந்தப் பேப்பர்ல போடுங்க.”

மூன்று கை போட்டான். கரண்டியால் தலைதட்டி ஒவ்வொன்றாக அள்ளி எடுத்தாள். ஒன்பது வந்தது.

“காலை, மத்தியானம், ராத்திரி எல்லாம் சேத்தே ஒரு ஆளுக்கு ஒரு கரண்டிக்குள்ளதான் இருக்கணும். நீங்க பதினோரு மணிக்கே அத முடிச்சிருதீங்க. வேர்வைக்குத் தண்ணி குடிங்க; வீட்டுச் சோத்துல உள்ள உப்பே போதும்னுட்டாரு டாக்டரு.”

“அண்ணாச்சி ஒருத்தருக்காவ நாங்க ஏழு பேரும் சப்புன்னு குடிக்கணுமாக்கும்? அவருக்குத் தனிப் பானை வச்சிருங்க.”

“வச்சா அவரு அதத் தொடமாட்டாரு. உங்க பானைக்குத்தான் வருவாரு. நீங்களும் முகாமுக்குப் போற நாள் வரும், பாத்துக்கிடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள், பாண்டிராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

முதல் வாரம் பானைக்கு ஆறு கரண்டி என்று பேசி முடித்தாள். அடுத்த வாரம் நாலு, அதற்கடுத்து இரண்டு. சின்ன வெங்காயமும் மோரும் சேர்ந்தன. உப்புக்காரி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வந்தது. கேட்டும் கேளாதவள்போல் வந்து போனாள்.

இரண்டாவது வாரம் ஒரு செம்பு வாங்கி ருசி பார்த்தாள். யாரோ தெரியாமல் அள்ளிப் போட்டிருந்தார்கள். யாரென்று கேட்கவில்லை. உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, “வேணுங்கிறவங்க மொதலாளிட்ட கேட்டு வாங்கிக்கிடுங்க” என்றாள். ஒருவரும் கேட்கவில்லை.

வாராவாரம் சண்முகையாவின் எண்ணைக் குறித்தாள். நூற்று அறுபத்தெட்டு. அப்புறம் நூற்று அறுபத்து நாலு. மூன்றாவது வாரம் அசையவேயில்லை. அவர் சோர்ந்துபோனார். “எனக்கு இறங்காது தாயி, விட்டுரு” என்றார். “இன்னும் மூணு வாரம் கெடக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான்காவது வாரம் பாண்டிராஜ் வழியில் மறித்தான். “ஏக்கா, டீக்கடை வடை வாயில வைக்க முடியாமக் கரிக்கி. நாக்க என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?”

அன்று சண்முகையாவுக்கு நூற்று ஐம்பத்து நாலு.

முகாம் நாளன்று அவளும் கூடப் போனாள். மூச்சை இழுத்துப் பிடிக்கவேண்டாம், சும்மா உட்காருங்கள் என்று அவரிடம் சொன்னாள். நர்ஸ் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சீட்டில் நூற்று நாற்பத்தாறு என்று எழுதினார். பெயர் ஆப்பரேஷன் பட்டியலில் ஏறியது.

ஆஸ்பத்திரி வேன் கிளம்பும் நேரத்தில் சண்முகையா அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தாயி, நான் வர ரெண்டு நாளாவும். கோமதிக்கு ஒரு நாள்கூட பிரஷரு பாத்ததில்ல. எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டு, பீடி சுத்துத கைய எடுக்க மாட்டா. எனக்குப் பொங்குனதத்தான அவளும் இத்தன வருசமாத் திங்கா. அவ ஏசுனாலும் பரவால்ல, நான் திரும்பி வாரதுக்குள்ள அவ கையில அந்தப் பட்டையக் கட்டிப் பாத்துரு.”