ரேஞ்சில் கேட்ட குழந்தைக் குரல்

1. வாசல் சோதனை

சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரைபிள் கிளப்பில் ரேஞ்ச் ஆபீசராக இருந்தேன். என் வேலையில் பாதி வாசலிலேயே நடக்கும். காரில் வருகிறவரின் அசல் லைசென்ஸைப் பார்க்க வேண்டும். ரைபிள் குண்டு போடாமல் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். தோட்டா வேறு பெட்டியில், அதற்கும் பூட்டு. வழியில் டிபனுக்கு நிறுத்தினால்கூட வண்டியை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது எங்கள் கிளப் விதி.

ஜூஜுவாடியில் லேத் பட்டறை வைத்திருந்த மகேஷுக்கு இதெல்லாம் எரிச்சல். "வாரா வாரம் இதே பெட்டி, இதே மூஞ்சி. இன்னும் என்னா சார் பாக்கறீங்க?" என்பார். பார்த்துவிட்டுத்தான் விடுவேன்.

2. மூடுபனி

ஐப்பசி மழை அடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாவட்ட அணிக்கான தேர்வு. சுடுவதற்காகப் பிரித்த லேன்களில் ஒன்றில் மகேஷ். பக்கத்து லேனில் கிளப் ரைபிளோடு ரேவதி. விருதுநகர்க்காரப் பெண், ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. மூடுபனி விட்டுவிட்டு வந்தது. டார்கெட் அட்டைகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டின் தலை தெரியவில்லை. குண்டுகளை வாங்கிக்கொள்ளத்தான் அந்த மண்மேடு.

பழகுவதற்கான குண்டுகளைச் சுட்டு முடித்தார்கள். அடுத்தது கணக்கில் வரும் சுற்று. காதுக் கவசத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ரைபிளில் குண்டு போடச் சொல்லும் 'லோட்' உத்தரவுக்கு வாயெடுத்தேன்.

"நாயனா... நாயனா..."

சின்னப் பெண் குழந்தை ஒன்று தெலுங்கில் அப்பாவைக் கூப்பிட்டது. டார்கெட் பக்கத்திலிருந்து.

"ஸ்டாப்! அன்லோட்!" என்று கத்தினேன். போல்ட்டைத் திறந்து, குண்டு இருக்கும் சேம்பர் காலி என்று காட்ட அதில் ஆரஞ்சுக் கொடி செருகி, எல்லோரும் ரைபிளை விட்டு விலகினார்கள். சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு நான் மட்டும் நடந்தேன். ஈரப் புல்லில் காலடித் தடம் எதுவும் இல்லை. அட்டைகளுக்குப் பின்னால், பக்கவாட்டில், எங்கும் யாரும் இல்லை. குரல் நின்றுபோயிருந்தது. திரும்பி வரும்போது இரண்டு முறை பின்னால் பார்த்தேன்.

"ரோட்டுல போற புள்ள சத்தமா இருக்கும் சார். பனியில எங்கெங்கேயோ கேக்கும். ஆரம்பிங்க" என்றார் மகேஷ்.

ரேவதி முகம் வெளுத்து நின்றாள். "ரோட்டுல இருந்து வரலை சார். மண்ணுக்குள்ள இருந்து வந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "காதுல இருக்கிறதை எல்லாரும் கழட்டுங்க. யாரும் பேசக் கூடாது" என்றேன்.

நின்றோம். தைல மர இலைகளிலிருந்து நீர் சொட்டியது. பனி அட்டைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. அது மறுபடியும் கேட்க வேண்டும் என்று மனசு ஒரு பக்கம் வேண்டியது. கேட்கவே கூடாது என்று இன்னொரு பக்கம் பயந்தது. மகேஷ் பொறுமையிழந்து வாயைத் திறந்தார்.

"நாயனா, போனு எத்து! நாயனா..."

போனை எடு என்றது குரல். "போன்!" என்றாள் ரேவதி. ரேஞ்சுக்குள் எங்கள் யாரிடமும் போன் கிடையாது. எல்லாம் ஆபீஸ் அறைப் பெட்டியில் இருந்தன.

ஓடினோம். இந்த முறை மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு, வேலிப் பக்கமாக. அங்கே கம்பி வெட்டப்பட்டுக் கிடந்தது. மேட்டின் முதுகில் பெரிய குடைவு. மழையில் ஊறிய மண் அப்படியே சரிந்திருந்தது. அதற்கு வெளியே ஒரு தலையும் ஒரு கையும். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

கையாலும் டார்கெட் பலகையாலும் வாரினோம். இடுப்பளவு தோண்டியபோது அவர் சட்டைப் பையிலிருந்து குழந்தை மறுபடி கூப்பிட்டது. ரேவதி எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் தெலுங்கில் அழுதாள். ரேவதிக்குப் புரியவில்லை. தெலுங்கு தெரிந்த மகேஷ் மண் கையோடு போனை வாங்கினார்.

"உன்னாடம்மா, உன்னாடு. பயப்படொத்து" என்றார். இருக்கிறார் என்று சொன்ன அந்தக் குரல் உடைந்துபோனது.

3. அவர் கேட்டது

அவர் பெயர் முனிராஜ். பக்கத்து ஊர். முன்பக்கம் தோண்டினால் தெரிந்துவிடும் என்று மேட்டைப் பின்னாலிருந்து குடைந்து, மண்ணில் புதைந்திருக்கும் குண்டுகளின் ஈயத்தை எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போடுவாராம். நாங்கள் ரேஞ்சைத் திறப்பதற்கு முன்னாலேயே வந்து சிக்கிக்கொண்டிருக்கிறார். விலா எலும்புகள் உடைந்திருந்தன; பிழைத்துக்கொண்டார். மகளின் குரலைத்தான் ரிங்டோனாக வைத்திருந்தார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் அவரைப் போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் பேசியதும் தெரிந்துகொண்டார்.

"உங்க குரல் கேட்டுது சார். லோடுன்னு சொன்னீங்க. அப்புறம் குண்டு ஒவ்வொண்ணா மண்ணுல எறங்கறது என் நெஞ்சுக்குத் தெரிஞ்சுது. கத்தறதுக்கு மூச்சு இல்ல. நீங்க மறுபடி லோடுன்னு சொல்லிடக் கூடாதுன்னு மட்டும் நெனச்சிட்டு இருந்தன்."

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதிதாக ரேஞ்ச் ஆபீசராக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கண்ணுக்கு முன்னால் காலியாக இருக்கும் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். மேட்டுக்குப் பின்னாலும் நடந்து பாருங்கள். எல்லோரும் தயாரான பிறகும் உடனே உத்தரவு கொடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் காதைக் கொடுங்கள். நான் அப்படிக் காத்து நிற்கும்போது லேனில் படுத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுப்பு அடங்கும்வரை அதற்கும் சேர்த்துக் காத்திருப்பேன்.