ஷீட்டு என்றால் கயிறு

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம் நானே கடலில் விழுந்தேன். கற்றுக்கொள்ள வந்த இருவரும் படகில் பத்திரமாக இருந்தார்கள். வாத்தியார் மட்டும் தண்ணீரில்.

1. தலையாட்டிய மாணவர்கள்

எனக்கு ஒலக்கூர் பக்கம். எங்கள் வீட்டில் எல்லோரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போனவர்கள். நான் மட்டும் எப்படியோ சரக்குக் கப்பலில் ஏறி, கடைசியில் போசன் ஆனேன். போசன் என்றால் டெக்கில் வேலை செய்பவர்களுக்கு மேஸ்திரி. ஓய்வு பெற்றபின் மரக்காணம் கடற்கரையில் ஒரு படகு கிளப்பில் கூப்பிட்டார்கள். போனேன்.

அங்கே வந்தவர்கள்தான் வேலாயுதமும் அவர் மனைவி கஸ்தூரியும். கண்டாச்சிபுரம் பக்கம் நிலமும் எண்ணெய் மில்லும் வைத்திருப்பவர்கள். ஊரைக் காலிசெய்த ஒரு பிரெஞ்சுக்காரரின் சின்னப் பாய்மரப் படகை வேலாயுதம் ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். ஓட்டத் தெரியாது.

முதல் வகுப்பில், "போர்ட்டுன்னா படகோட இடது பக்கம், ஸ்டார்போர்டுன்னா வலது பக்கம்" என்றேன்.

"லெஃப்டு, ரைட்டுன்னு சொன்னா கடல் கோச்சுக்குமா?" என்றார் வேலாயுதம்.

"நீங்க பின்னாடி திரும்பி உக்காந்தா உங்க லெஃப்டு மாறிடும் சார். படகோட போர்ட்டு மாறாது."

இதை மட்டும் ஒழுங்காக விளக்கினேன். மற்றதையெல்லாம் கப்பலில் ஆட்களை விரட்டிய வேகத்தில் ஒப்பித்தேன். பாயின் அடியில் படுத்திருக்கும் கட்டை பூம். அதை இழுக்கவும் தளர்த்தவும் இருக்கும் கயிறு மெயின் ஷீட். படகைத் திருப்பும் கம்பு டில்லர். இருவரும் தலையாட்டினார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷ சர்வீஸில் தலையாட்டல்களை நம்பி நான் பட்டது போதாது போலிருக்கிறது.

2. ஜைபு

அன்று காலை காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்தது. டில்லரில் வேலாயுதம், நடுவில் கஸ்தூரி. பாய்மரத்தில் சிக்கிய ஒரு கயிற்றை எடுக்க நான் எழுந்து நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வேலாயுதம், மனைவியை போட்டோ எடுக்க போனைத் தூக்கினார். டில்லர் நகர்ந்தது. பின்காற்று பாயின் மறுபக்கம் புகுந்து, பூமை ஒரே வீச்சில் எதிர்ப்பக்கம் தள்ளியது. இதற்குப் பெயர் ஜைபு. பெயரைச் சொல்லி எச்சரிக்க எனக்கு நேரமில்லை. பூம் தோளில் அடித்து என்னைக் கடலில் தள்ளிவிட்டது.

லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது. பார்த்தால், படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பி ஒருபக்கம் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சாய்ந்தால் கவிழும். வேலாயுதம் டில்லரை விட்டுவிட்டு விளிம்பைக் கட்டிப்பிடித்திருந்தார்.

"ஷீட்டை விடுங்க! ஷீட்டை விடுங்க!" என்று கத்தினேன்.

அவர் டிபன் பைக்கு அடியில் விரித்திருந்த நீல பிளாஸ்டிக் ஷீட்டை உருவிக் கடலில் வீசினார். இட்லியும் கூடவே போனது.

"விட்டுட்டேன் மாஸ்டர்! இன்னும் சாயுதே!"

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். மனதில் இருந்த இங்கிலீஷ் எல்லாம் போய்விட்டது.

"யம்மா! கட்டையில மாட்டியிருக்கே, செவப்புக் கயிறு! அத வுட்ரும்மா!"

கஸ்தூரி கயிற்றை உருவிவிட்டார். பாய் தளர்ந்து படபடத்தது. படகு நிமிர்ந்து நின்றது.

"இப்ப என்கிட்ட வரணும். கயித்தக் கொஞ்சம் இழுத்துப் பிடி, படகு நகரட்டும். அப்புறம் கம்ப பாய் இருக்கிற பக்கமாத் தள்ளு. தள்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும்!"

"ட்ராக்டர்ல ட்ரெய்லர ரிவர்ஸ் எடுக்கற மாதிரியா மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே கஸ்தூரி டில்லரைப் பிடித்தார்.

"அதேதாம்மா! கட்டை வரும், தலையக் குனிங்க ரெண்டு பேரும்!"

படகு மூக்கைக் காற்றுக்குள் விட்டு மறுபக்கம் திரும்பியது. இதுதான் டேக். நல்ல காற்றில் முதல்முறை டேக் அடிப்பவர்கள் பாதியில் நின்று விழிப்பார்கள். இந்த அம்மா மல்லாட்டை மூட்டையோடு ட்ரெய்லரைக் களத்தில் பின்னுக்குத் தள்ளிப் பழகியவர். படகைத் திருப்பிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"இப்ப கயித்த வுட்ரு!"

விட்டார். படகு பக்கத்தில் வந்து நின்றது. வேலாயுதம் என் ஜாக்கெட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

"பேஜாராப் பூட்ச்சு மாஸ்டர். மன்னிச்சிக்குங்க" என்றார்.

"போனை உள்ள வைங்க" என்றேன். அதற்கு மேல் திட்ட எனக்கு மூச்சில்லை.

3. கரையில்

கரைக்கு வந்ததும் கஸ்தூரி தண்ணீர் தெறித்து நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர்" என்று ஆரம்பித்தார். "நீங்க படகுல உக்காந்துகினு சொன்னது ஒண்ணுமே புரியல. தண்ணியில வுழுந்தப்புறம்தான் நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க."

மேலே இழுத்துப் போட்டவர்களிடம் கோபித்துக்கொள்ள முடியாது. தவிர, அவர் சொன்னது உண்மை.

படகு வாங்கியிருக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். போர்ட்டும் ஷீட்டும் டேக்கும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துப் படகுக்காரனோடு பேச அவை வேண்டும். ஆனால் உங்கள் படகில் உட்கார்ந்திருப்பவர், எந்தக் கயிறு, எதற்கு என்று தொட்டுக் காட்டித் தன் வாயால் சொல்லும்வரை கரையிலிருந்து கிளம்பாதீர்கள். தலையாட்டினால் போதாது.

நான் இப்போதெல்லாம் காய்ந்த மணலில் நின்றுகொண்டே, தண்ணீரில் கிடப்பவன் மாதிரிதான் பாடம் எடுக்கிறேன்.